சங்கிலி கழலாமற் காத்தல்

காலை மணி ஒலித்த பின்னர் வகுப்பறை வாயிலில் வந்து நிற்கும் மாணவர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். பிந்தியதற்குக் காரணம் கேட்டால், சிலர் தலை குனிவர். சிலர் கதை புனைவர். வேறு சிலர் வாய் திறவாது கைகளை விரித்துக் காட்டுவர். விரல்களெல்லாம் கரிய எண்ணெய் படிந்திருக்கும். "செயின் கழன்றுபோச்சு, சேர்" என்பதே அக்கைகள் கூறும் விடை.

இவ்விடையை நாம் நெடுங்காலம் முழுதும் நம்பியதில்லை. ஒரு மாணவன் ஒரே கிழமையில் மூன்று நாள் இவ்வாறு வந்து நின்றபொழுது, சினங்கொண்டு, அவனது துவிச்சக்கர வண்டியைக் காட்டும்படி அழைத்துச் சென்றோம். அது அவன் பாட்டனார் ஓட்டிய பழைய வண்டி. சங்கிலி ஏணைபோலத் தொங்கியது. பெடல் அச்சிலிருந்து பின்சில்லின் அச்சுவரை செல்லும் குழாயிலே, கழன்ற சங்கிலி உராய்ந்து உராய்ந்து நகம் புதையுமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்திலே துரு ஏறியிருந்தது. மாணவன் பொய் கூறவில்லை. பொய்யென எண்ணியது எமது பிழை. அதன் பின்னர் நாம் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை இவ்விழா மலரில் எழுதுவது பயன் தருமென நம்புகின்றோம்.

தமிழாசிரியர்க்குச் சங்கிலியோடு என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். 1990 ஆம் ஆண்டின் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட காலத்திலே, விறகையும் அரிசி மூட்டையையும் நோயாளரையும் சுமந்தது இவ்வண்டியே. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபொழுது நாம் பள்ளிச் சிறுவர். வீட்டைப் பூட்டுமுன் எம் தந்தையார் வண்டியைச் சாய்த்துப் பின்சில்லின் இரு நட்டுகளையும் இறுக்கிப் பார்த்தார். அதன் பொருள் எமக்கு அன்று விளங்கவில்லை. 2022 இல் பெற்றோலுக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்களிலும் பலருக்குக் கைகொடுத்தது துவிச்சக்கர வண்டியே. ஆதலின் அதனைப் பேணும் அறிவு எவர்க்கும் அந்நியமன்று.

இனி, சங்கிலி ஏன் கழல்கின்றது எனக் காண்போம். இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை ஹான்ஸ் ரெனோல்ட் என்பார் 1880 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆக்கினார். 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி கொவென்றி நகரிலே செய்த 'றோவர்' வண்டி, சங்கிலியாற் பின்சில்லைச் சுழற்றியது. அன்று தொடங்கி இன்றுவரை அமைப்பு அடிப்படையில் ஒன்றே: முன்னே பெரிய பற்சில்லு, பின்னே சிறிய பற்சில்லு, இரண்டையும் தழுவிச் செல்லும் சங்கிலி. அது பற்களின்மீது நிலைத்து நிற்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உள. ஒன்று, அளவான இறுக்கம், மற்றொன்று, நேர்மை. இவ்விரண்டுள் ஒன்று கெட்டாலும் சங்கிலி கழலும்.

முதலாவது இறுக்கம். சங்கிலி நீண்டுவிட்டது என்கின்றோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கணுக்களை இணைக்கும் சிற்றாணிகளும் அவற்றைச் சூழ்ந்த குழல்களும் தேய, ஒவ்வொரு கணுவிலும் சிறிது இடைவெளி உண்டாகின்றது. புதிய சங்கிலியில் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிவரை அரை அங்குலம். ஆகவே, 24 கணுக்கள் சரியாக 12 அங்குலம் அளக்கும். அளவுகோலை வைத்துப் பார்க்கையில் அது 12 அங்குலத்தைக் கடந்து மேலும் எட்டிலொரு அங்குலம் சென்றிருந்தால், அச்சங்கிலி தன் கடமையை முடித்துவிட்டதென்க. அதனை மாற்றாது ஓட்டினால் பற்சில்லின் பற்களும் கொக்கிபோல் வளைந்து தேயும். பின்னர்ப் புதுச் சங்கிலியும் அவற்றிற் பொருந்தாது.

சங்கிலி தேயாதிருந்தும் தொய்வதுண்டு. பின்சில்லின் நட்டுகள் தளர்ந்து, மிதிக்கும் விசையால் அச்சு முன்னே நகர்தலே அதற்குக் காரணம். இரு நட்டுகளையும் தளர்த்தி, சில்லைப் பின்னே இழுத்து, அது கவையின் நடுவே நேராக நிற்கின்றதா எனப் பார்த்து, இருபுறமும் மாறி மாறி இறுக்குதல் வேண்டும். கீழ்ச்சங்கிலியின் நடுவை விரலால் உயர்த்தித் தாழ்த்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அசைதல் சரியான அளவு. பெரிய பற்சில்லு முற்றும் வட்டமாக அமைவது அரிது. ஆதலால் பெடலை மெல்லச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தைக் கண்டு, அவ்விடத்திலேயே இவ்வளவை அமைத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அச்சிலுள்ள குண்டுகள் தேயும். சில்லை நகர்த்தியபின் பிறேக் கட்டைகள் உரிய இடத்தில் பிடிக்கின்றனவா எனப் பார்க்கவும் மறத்தலாகாது.

இரண்டாவது நேர்மை. வண்டியின் பின்னே குந்தியிருந்து சங்கிலி வழியே ஒரு கண்ணால் நோக்குக. முன்பற்சில்லும் பின்பற்சில்லும் ஒரே கோட்டில் நிற்றல் வேண்டும். பெடலைச் சுழற்றுகையில் முன்பற்சில்லு உள்ளும் புறமும் ஆடினால் அது வளைந்துள்ளது. பெடற்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்பொழுது ஆட்டம் தெரிந்தால் நடு அச்சுத் தளர்ந்துள்ளது. இவை சைக்கிள் திருத்துவோரிடம் காட்டவேண்டிய குறைகள். சங்கிலியை இறுக்குவதால் மட்டும் தீரா.

எமது செம்மண் ஒழுங்கைகளிலும் கரையோர மணலிலும் ஓடும் வண்டிக்கு மூன்றாவது பகை ஒன்றுண்டு. எண்ணெயோடு மண் சேர்ந்தால் அஃது அரத்தூள்போற் சங்கிலியை அரிக்கும். சில கணுக்கள் மடங்க மறுத்துப் பல்லின்மேல் ஏறி விழும். மண்ணெண்ணெய் தோய்ந்த துணியாற் சங்கிலியைத் துடைத்து உலர்த்தி, கணுவுக்கு ஒரு துளி இயந்திர எண்ணெய் விட்டு, புறத்தே மிஞ்சியதைத் துடைத்துவிடுதல் நன்று. சமையல் எண்ணெய் ஆகாது. அது நாளடைவிற் பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இன்றைய மாணவர் பலர் கியர் வண்டி ஓட்டுகின்றனர். அவற்றிலே சங்கிலி எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை வரையறுக்கும் சிறு திருகாணிகள் உள. அவை பிசகினால் சங்கிலி முன்னே உட்புறமாக விழுந்து சட்டத்தைக் கீறும். பின்னே கம்பிகளுக்குள் விழுந்தாற் சில்லு திடீரென நின்று, ஓட்டுபவரை வீழ்த்தவுங்கூடும். வண்டி வலப்பக்கமாக விழுந்தபின் பின்கியரைத் தாங்கும் சிறு தகடு வளைந்துள்ளதா எனப் பார்த்த பின்னரே ஏறுதல் வேண்டும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றுதலும் தவறு.

இவ்வளவு செய்தும் சங்கிலி கழலுமாயின், அக்கணமே மிதிப்பதை நிறுத்தி, மெல்லப் பிறேக் பிடித்து, தெருவோரம் இறங்குக. சிக்கிய சங்கிலியை மீட்கப் பெடலை வலிந்து மிதிப்பதே சட்டத்திற்குப் பெருங்கேடு விளைக்கும். இரும்புக் குழாயில் வண்ணம் கீறுண்டால், உப்புக்காற்று உடனே தன் வேலையைத் தொடங்கும். அலுமினியத்தில் விழும் ஆழ்ந்த கீறல் பின்னாளில் வெடிப்புக்கு வித்தாகலாம். காபன் நார்ச் சட்டத்திலோ நார்களே அறுபடும். அதனை அறிந்தவர் பாராது ஓட்டுதல் ஆகாது. கியரில்லா வண்டியாயின், சங்கிலியை முதலிற் பின்பற்சில்லில் மாட்டி, பின் முன்பற்சில்லின் அடிப்பற்களிற் பொருத்தி, பெடலைப் பின்புறமாக மெல்லச் சுழற்றினால் ஏறிவிடும். சுழற்றும்பொழுது சங்கிலியும் பல்லும் சேருமிடத்தில் விரல் வைத்தலாகாது. ஒரு குச்சி போதும்.

குழாயைக் காக்க எளிய வழியும் உண்டு. பழைய ரியூபை நாடாவாக வெட்டி, சங்கிலியை அடுத்துள்ள பின்குழாயில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினால், விழும் சங்கிலி இரப்பரையே தாக்கும். மாரிகாலத்தில் அதனுள் நீர் தேங்குமாதலால், இடையிடையே அவிழ்த்து உலர்த்தி மீண்டும் கட்டுதல் வேண்டும்.

மேலே கூறிய மாணவனின் வண்டி புதுச் சங்கிலி பெற்றது. துருவைச் சுரண்டிப் பார்த்த திருத்துநர், குழாய் இன்னும் தாங்குமென்றார். வண்ணம் பூசி, ரியூப் சுற்றிக் கொடுத்தார். அம்மாணவனும் இன்று எம் பழைய மாணவருள் ஒருவன்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். விழாவின் நினைவாகப் பெரியன பல செய்வீர்கள். அவற்றோடு கல்லூரித் துவிச்சக்கர வண்டிக் கொட்டிலிலே ஒரு சிறு பெட்டியும் வையுங்கள். இரண்டு ஸ்பனர், ஓர் எண்ணெய்க் குப்பி, ஓர் அளவுகோல், சிறிது பழைய ரியூப், கை துடைக்க ஒரு துணி ஆகியன அதனுள் இருந்தாற் போதும். கரிபடிந்த கைகளோடு வாயிலில் நிற்கும் பிள்ளையை நாம் ஐயுறவேண்டிய நாள்கள் அதனாற் குறையும்.