மலையக மாணவரும் கிரேக்க உரோமப் பண்பாடும்: சில குறிப்புகள்

கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில் ‘கிரேக்க உரோம நாகரிகம்’ ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வரும் மாணவருக்கு இப்பாடத்தாற் பயன் யாதென நம்மிற் சிலரே வினவுவதுண்டு. பிரித்தானியர் ஆட்சியிலே கிரேக்க, இலத்தீன் அறிவு துரைமாரின் வர்க்க அடையாளமாகவே விளங்கிற்று. ஆயின் ஆளுவோர் தமதாக்கி வைத்திருந்தனர் என்பதனால் ஒரு மனிதப் பேற்றை உழைப்போர் துறத்தல் வேண்டுமா? கிரேக்கக் கலை தான் தோன்றிய சமுதாய அமைப்புடன் பிணைந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று, அது இன்றும் நமக்கு இன்பம் தருவது எவ்வாறு என்பதே கடினமான வினா என 1857 இல் மார்க்ஸ் எழுதினார். அவ்வினாவை லயத்திற் பிறந்தவரும் கேட்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது? தேவர்களின் பெயர்ப்பட்டியலிலிருந்து அன்று என்பது நமது அனுபவம். பிரித்தானிய நூதனசாலையில் கி.மு. 520 அளவில் வரையப்பட்ட ஏதென்ஸ் சாடி ஒன்றுண்டு. ஒலிவ மரத்தில் ஓர் இளைஞன் ஏறியிருக்கிறான். தாடிவைத்த இருவர் கோல்கொண்டு கிளைகளை அடிக்கின்றனர். கீழே ஒருவன் காய்களைக் கூடையிற் சேர்க்கின்றான். இப்படத்தைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டது: “கங்காணி எங்கே?” சாடியில் அவன் இல்லை. ஆனால் ஏடுகளில் இருக்கிறான். செனபோன் தமது இல்லறப் பொருளியல் நூலில் பண்ணை மேற்பார்வையாளனைப் பயிற்றும் முறையை விரிவாகக் கூறுகிறார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உரோமரான கேற்றோ, முதிய அடிமையையும் நோயுற்ற அடிமையையும் தேய்ந்த கருவிகளோடு சேர்த்து விற்றுவிடுமாறு பண்ணையுடைமையாளருக்கு அறிவுரை வழங்குகிறார். எனினும் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. தோட்டத் தொழிலாளி சட்டப்படி அடிமையல்லன். கடனாலும், 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையாலும் பிணிக்கப்பட்ட கூலியுழைப்பாளி. உற்பத்தி உறவுகள் வேறு. இவ்வேறுபாட்டை மாணவர் உணரும்போதே வரலாறு அவர்களுக்குப் புலப்படத் தொடங்குகின்றது.

ஏதென்ஸின் சனநாயகத்தைக் கற்பிக்கையிலும் இவ்வாறே. கி.மு. 451 இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டம், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தாலன்றிப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது. 1948 இன் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவரிடத்தும் தந்தையின் பிறப்பை, அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பைக் கோரிற்று. நாடற்றோராயிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலே உள்ளனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இறுதி எச்சமும் தீர்ந்தது. ஏதென்ஸில் வரி செலுத்தியும் போரிற் பங்குகொண்டும் வாக்கற்றிருந்த குடியேறிகளைப்பற்றி இம்மாணவருக்கு நெடிய விளக்கம் தேவைப்படுவதில்லை.

மிக வளமான ஒப்பீட்டுக் களம் காமன் கூத்தாகும். மாசியில் கம்பம் நட்டு, ரதி மன்மதன் திருமணத்தை ஆடி, சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதையும் ரதி புலம்புவதையும் தப்பொலியுடன் நிகழ்த்தும் இக்கூத்து, இறந்து மீளும் தெய்வங்களின் சடங்குகளை நினைவூட்டுவது. ஏதென்ஸ் நகரப் பெண்கள் அடோனிஸுக்காகப் புலம்பியதும், சட்டிகளில் விதையிட்டு முளைப்பித்துக் கூரைமேல் வாடவிட்டதும் அறியப்பட்டவை. முளைப்பாரி எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் இதனை உடனே பற்றிக்கொள்வர். ஆனால் முளைப்பாரி வாடவிடுவதற்கன்று, வளர்ப்பதற்கு. உருவ ஒற்றுமை பொருள் ஒற்றுமையாகாது. ‘அவர்களிடம் இருந்தது நம்மிடமும் இருந்தது’ என்ற பெருமிதம் ஆய்வைக் கெடுக்கும் என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும்.

சடங்கு நாடகமாக மாறுவதற்குரிய சமூகக் காரணங்களையே நாம் தேடவேண்டும். ஜோர்ஜ் தொம்சன் 1941 இல் வெளியிட்ட ‘எஸ்கிலசும் ஏதென்சும்’ என்ற நூலில் இதனை ஆராய்ந்தார். பேர்மிங்காமில் அவரிடம் பயின்ற கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களையும், சிவத்தம்பி பண்டைத் தமிழ் நாடகத்தையும் கிரேக்க மரபோடு ஒப்புநோக்கினர். இவ்விருவரின் நூல்களும் முறையே 1968 இலும் 1981 இலும் வெளிவந்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பிசிஸ்திராத்தசின் ஆட்சி தயோனிசஸ் விழாவை நகரத்தின் விழாவாக்கிற்று. பின்னர் பாடற்குழுவின் செலவைச் செல்வக் குடிமக்கள் கடமையாக ஏற்றனர். காமன் கூத்துக்கு அத்தகைய அரசும் புரவலரும் வாய்க்கவில்லை. லயத்து மக்கள் தாமே பணம் சேர்த்து, வேலை முடிந்த இரவுகளிலே அதனை ஆடி வந்துள்ளனர்.