பென்சிலைப் பறிக்காதீர்கள்



பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் கொப்பியின் பின்பக்கத்தில் குருவியொன்றைக் கீறியிருந்தான். பாட நேரத்தில் படமா என்ற கோபத்தில் அத்தாளைக் கிழித்தெறிந்தேன். அதன் பின் அவன் எதையும் கீறியதை நான் காணவில்லை. தடுத்த நான், அவனது கைத்திறனுக்கு வேறு வழி காட்டாமல் விட்டேன். அது என் பிழை.

அண்மையில் ஒரு தாய் தன் மகளின் கொப்பியை நீட்டி, “மௌலவி, இவ எந்நேரமும் படம் கீறிக்கொண்டே இருக்கா. பென்சிலை வாங்கி வெச்சிடவா?” என்று கேட்டார். “வேணாம் தங்கச்சி, எதைக் கீறுவதென்று சொல்லிக் கொடுங்க” என்றேன்.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி ஹதீஸ்களில் கடும் எச்சரிக்கை வந்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். ஆனால், படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அன்னார் வழிகாட்டியதும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. கதவு முழுவதும் மூடப்படவில்லை.

உங்கள் பிள்ளைக்கு ஒரு தேசிக்காயைக் கொடுங்கள். அஸருக்குப் பின் வெயில் சாய்ந்து வரும் ஜன்னலோரம், வெள்ளைத் தாளின் மேல் அதை வைக்கச் சொல்லுங்கள். எச்.பி. பென்சிலால் உருவத்தை மெல்லக் கீறட்டும். பின்பு கண்களைப் பாதி மூடிப் பார்க்கட்டும். வெயில் படும் இடம் வெளுப்பாகவும், மறுபக்கம் படிப்படியாகக் கறுத்தும் தெரியும். ஆனால் அந்தக் கறுப்புப் பக்கத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்றிருக்கும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி அது. அதை விட்டுவிட்டால் காய் தட்டையாகிவிடும். நிழல்களுக்கு 2பி, 4பி பென்சில்கள் நல்லவை. பென்சிலின் உள்ளே இருப்பது காரீயமும் களிமண்ணும். காரீயம் கூடினால் மென்மையும் கறுப்பும் கூடும். நம் நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படுவதும் இந்தக் காரீயமே.

அடுத்து ஒரு தேநீர்க் கோப்பை. பிள்ளைகள் அதன் வாயை முழு வட்டமாகவே கீறுவார்கள். வட்டம் என்று அறிந்திருப்பதால் அப்படிச் செய்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தாலோ அது நீள்வட்டமாகத் தெரியும். கண்ணைத் தாழ்த்தத் தாழ்த்த இன்னும் ஒடுங்கும். அறிந்ததை விட்டுக் கண்டதைக் கீறப் பழகுவதே இக்கலையின் முதற் பாடம்.

பார்வையைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால்தான் பார்க்கிறோம் என்று பழைய அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்க்கிறோம் என்று 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் விளக்கினார். தேசிக்காயின் நிழலைக் கவனிக்கும் உங்கள் மகளும் அந்த ஒளியைத்தான் படிக்கிறாள்.

ஒரு மாதத்தின் பின் அத்தாய் கொப்பியை மீண்டும் காட்டினார். முதல் பக்கங்களில் பல தேசிக்காய்கள், அழிறப்பர் தேய்த்த தடங்களுடன். கடைசிப் பக்கத்தில் ஒரு வெற்றிலை, நரம்பு நரம்பாக. “ஹஸ்ரத், இத்தனை வருஷம் வெத்திலை மடிக்கிறன், இவ்வளவு நரம்பு இருக்கிறதை இப்பதான் பார்த்தன்” என்றார்.

அல்லாஹ்வின் படைப்பை உற்று நோக்கும் கண்களை நம் பிள்ளைகளுக்கு அவன் தந்தருள்வானாக!