புல்வெளியும் விளைநிலமும்: மங்கோலிய நாடோடிப் பேரரசு

பேரரசு என்றவுடன் நெடிய மதில்களும் அரண்மனைகளும் விளைநிலங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. பழங்காலப் பேரரசுகள் பல ஆற்றங்கரைகளில் தோன்றின. உழவரின் உபரி விளைச்சலே அவற்றைத் தாங்கி நின்றது. மங்கோலியரோ உழவும் நகரமும் இன்றி மந்தைகளோடு அலைந்து வாழ்ந்தவர்கள். அம்மக்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பசிபிக் கடற்கரை முதல் கிழக்கு ஐரோப்பா வரை பரந்த பேரரசை நிறுவினர். நிலத்தொடர்ச்சியுடைய பேரரசுகளுள் உலகம் கண்டவற்றில் இதுவே மிகப் பெரியது.

அவர்கள் எவ்வாறு வென்றனர் என்பது ஒரு வினா. வென்ற நாடுகளை எவ்வாறு ஆண்டனர் என்பது அதனினும் கடினமான வினா. மேய்ச்சல் வாழ்வில் பிறந்த அரசு, உழவரையும் நகரத்தாரையும் ஆள முற்பட்டபோது தன்னையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அம்மாற்றம் ஆட்சிக்கு உறுதி தந்தது. பேரரசின் ஒற்றுமையையோ குலைத்தது.

புல்வெளி வாழ்க்கை

மங்கோலியப் புல்வெளியில் மழை குறைவு, கோடை குறுகியது, பனிக்காலம் நெடியது, கடுமையானது. அங்கு உழவு செழிக்க வழியில்லை. மக்கள் குதிரை, செம்மறியாடு, வெள்ளாடு, மாடு, ஒட்டகம் ஆகியவற்றை வளர்த்து, பருவத்திற்கேற்ப மேய்ச்சல் நிலம் தேடிப் பெயர்ந்தனர். ஆட்டு மயிரை அழுத்திச் செய்த தடித்த கம்பளத்தால் போர்த்திய வட்டக் கூடாரமே அவர்களின் வீடு.

பாலும் இறைச்சியும் தோலும் மந்தையிலிருந்து கிடைத்தன. தானியம், துணி, இரும்புப் பொருள்கள் ஆகியவை தெற்கே சீனத்திலிருந்து வரவேண்டியிருந்தன. குதிரையையும் தோலையும் கொடுத்து அவற்றைப் பெற்றனர். வணிகம் தடைப்பட்டபோது கொள்ளையிட்டுப் பெற்றனர். கடும்பனியில் மந்தை மடிந்தால் ஒரு குலமே வறுமையில் வீழும். எனவே மேய்ச்சல் நிலத்துக்காகவும் மந்தைக்காகவும் குலங்களிடையே ஓயாத பூசல் நிலவியது. மங்கோலியர், தாத்தாரியர், கெரெயித்தர், நைமானியர், மெர்கித்தர் எனப் பல கூட்டத்தார் தம்முள் மோதிக்கொண்டனர். வடசீனத்தை ஆண்ட சின் அரசு, ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தாருக்கு எதிராகத் தூண்டி, தன் எல்லையைக் காத்துக்கொண்டது.

தெமுசின் செங்கிஸ்கான் ஆதல்

இச்சூழலில் ஏறத்தாழ 1162ஆம் ஆண்டில் ஓனோன் ஆற்றுப் பகுதியில் தெமுசின் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே அவருடைய தந்தை எசுகெய் தாத்தாரியரால் நஞ்சூட்டப்பட்டு மாண்டார். குலத்தார் கைவிட்ட நிலையில், தாய் ஓயெலுன் பிள்ளைகளை வறுமையில் வளர்த்தார். பின்னர்த் தெமுசினின் மனைவி போர்த்தேயை மெர்கித்தர் கவர்ந்து சென்றனர். கெரெயித்தரின் தலைவர் தொக்ருல், இளமைத் தோழர் சமுக்கா ஆகியோரின் துணையோடு அவர் மனைவியை மீட்டார். பிற்காலத்தில் அவ்விருவரையுமே எதிர்த்துப் போரிட நேர்ந்தது. உறவையும் குலத்தையும் மட்டும் நம்பி வாழ முடியாது என்பதை இளமை அவருக்கு உணர்த்தியது.

1206ஆம் ஆண்டில் ஓனோன் ஆற்றங்கரையில் குரில்தாய் எனப்படும் தலைவர் பேரவை கூடியது. அங்கு அவர் 'செங்கிஸ்கான்' என்னும் பட்டத்துடன் மங்கோலியர் அனைவருக்கும் தலைவராக ஏற்கப்பட்டார்.

படையமைப்பு

செங்கிஸ்கான் தம் படையைப் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என அடுக்கடுக்காகப் பகுத்தார். இம்முறை புல்வெளியில் முன்பே வழங்கியதுதான். ஆயினும் அவர் அதில் ஒரு பெருமாற்றம் செய்தார். தோற்ற குலங்களைச் சிதைத்து, அக்குலத்தாரை வெவ்வேறு படைப்பிரிவுகளில் கலந்தமர்த்தினார். பிறப்பைவிடத் திறமைக்கும் பற்றுறுதிக்கும் முதன்மை தந்து தலைவர்களை நியமித்தார். அனுமதியின்றிப் பிரிவு மாறுவது கடுங்குற்றமாயிற்று. 1206இல் 95 ஆயிரவர் பிரிவுகள் அமைக்கப்பட்டன. இவற்றோடு பதினாயிரம் பேர் கொண்ட மெய்க்காவற்படையும் உருவானது. குலத்திற்குரிய பற்று, தலைவருக்குரிய பற்றாக மாறியது. எழுத்துமுறை இல்லாத மங்கோலியர் உய்குர் எழுத்தை ஏற்றதும் இக்காலத்திலேயே.

வீரர் ஒவ்வொருவரும் பல குதிரைகளை உடன் கொண்டு சென்று, மாறி மாறி ஏறிச் சென்றனர். அங்கவடியில் காலூன்றி, விரையும் குதிரையிலிருந்தே அம்பெய்தனர். மரம், கொம்பு, நரம்பு ஆகியவற்றை ஒட்டிச் செய்த அவர்களின் வில் சிறியது, வலிமையோ மிகுதி. பின்வாங்குவதுபோல் நடித்துப் பகைவரை இழுத்து வந்து சூழ்ந்து தாக்குவது அவர்கள் கையாண்ட உத்தியாகும். மதில் சூழ்ந்த நகரங்களை வெல்லச் சீன, பாரசீகப் பொறியாளர்களைப் பணியில் அமர்த்திக்கொண்டனர். பிறரிடம் கற்கத் தயங்காமையே அவர்களின் பெரும்படைக்கலம் எனலாம்.

வெற்றியும் அழிவும்

1211இல் தொடங்கிய சின் அரசுக்கு எதிரான போரில், 1215ஆம் ஆண்டு இன்றைய பெய்சிங் இருக்கும் இடத்திலிருந்த சோங்து நகரம் வீழ்ந்தது. 1218இல், நடு ஆசியாவை ஆண்ட குவாரிசம் அரசின் எல்லை நகரான ஒத்ராரில், மங்கோலியர் அனுப்பிய வணிகக் கூட்டத்தாரை அந்நகர ஆளுநர் கொல்வித்தார். நீதி கேட்டுச் சென்ற தூதரும் குவாரிசம் மன்னரின் ஆணையால் கொல்லப்பட்டார். இதனால் மூண்ட போரில் புகாரா, சமர்கந்து, மெர்வ், நிசாப்பூர் ஆகிய செழிப்பான நகரங்கள் 1220, 1221ஆம் ஆண்டுகளில் பேரழிவுக்கு உள்ளாயின. குவாரிசம் இளவரசர் சலாலுத்தீன் சிந்து ஆற்றங்கரையில் தோற்று, ஆற்றைக் கடந்து தப்பினார். அவருக்கு அடைக்கலம் தர டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் மறுத்தார்; செங்கிஸ்கானும் இந்தியாவின் உட்பகுதிக்கு வாராமல் திரும்பினார். 1227இல் அவர் மறைந்தார்.

மடிந்தோர் தொகையாகப் பழைய நூல்கள் கூறும் எண்களுள் பல மிகைப்படுத்தப்பட்டவை. மங்கோலியர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய நூலாக 'மங்கோலியரின் மறைவரலாறு' கிடைக்கிறது. மற்றச் சான்றுகளுள் பெரும்பாலானவை தோற்றவர் நாடுகளைச் சார்ந்த அறிஞர்கள் எழுதியவை. அச்சம் பரவினால் நகரங்கள் போரின்றிப் பணியும் என்பதால் மங்கோலியரும் அத்தகைய செய்திகள் பரவுவதை விரும்பினர். எண்கள் மிகையாயினும் துயரம் பொய்யன்று. பாரசீகத்தில் நிலத்தடி நீர்க்கால்வாய்களைப் பேண ஆளின்றிப் பல ஊர்கள் பாழாயின.

மேய்ச்சல் நிலமா, விளைநிலமா?

1229இல் ஒகொதேய் பேரரசரானார். வென்றெடுத்த வடசீனத்தின் வயல்களைக் குதிரைகளுக்குரிய மேய்ச்சல் நிலமாக்கலாம் என்று மங்கோலியப் பெருமக்கள் சிலர் கருதினர். நாடோடியின் நோக்கில் அது பொருத்தமான கருத்தே. உழவரால் அவருக்கு என்ன பயன்? கித்தான் இனத்தைச் சேர்ந்த அலுவலர் ஏலூ சுத்சாய் இதனை மறுத்தார். உழவரை வாழவிட்டு முறையாக வரி பெற்றால் வெள்ளியும் பட்டும் தானியமும் ஆண்டுதோறும் வந்து சேரும் என எடுத்துரைத்தார். ஒகொதேய் அதனை ஏற்றார். ஒருமுறை கொள்ளையிடுவதைவிட ஆண்டுதோறும் வரி பெறுவதே மேல் என்னும் அரசியல் பாடத்தை மங்கோலியர் கற்கத் தொடங்கினர். எண்ணற்ற உழவர் உயிர் பிழைத்ததற்கு இம்முடிவு காரணமாயிற்று.

ஒகொதேய் காலத்தில் காரகோரம் தலைநகரானது. 'யாம்' எனப்படும் அஞ்சல் நிலையங்கள் பாதை நெடுகிலும் அமைக்கப்பட்டன. அங்கே புதிய குதிரைகளும் உணவும் ஆயத்தமாக இருந்தன. அரசு முத்திரைப் பலகையைக் காட்டிய தூதர்கள் தடையின்றி விரைந்தனர். அப்பாதைகளில் வணிகரும் கைவினைஞரும் சமயத்தாரும் சென்றனர். பௌத்தம், கிறித்தவம், இசுலாம், தாவோ சமயம் ஆகியவற்றின் குருமார்களுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது.

ஒரு குடும்பம், பல அரசுகள்

பேரரசு மன்னர் ஒருவரின் உடைமையன்று. செங்கிஸ்கானின் குடும்பத்தார் அனைவர்க்கும் பொதுவானது. மூத்தவரே பட்டம் பெறவேண்டும் என்ற விதி இல்லை. குரில்தாயின் இசைவே அரசுரிமையை உறுதிசெய்தது. இம்முறை திறமையானவரைத் தேர்ந்தெடுக்க உதவியது. அதே வேளையில் ஒவ்வொரு மறைவும் பூசலுக்கு வாயிலாயிற்று. 1241இல் போலந்தையும் அங்கேரியையும் வென்ற பாத்துகானின் படை மறு ஆண்டே ஐரோப்பாவை விட்டு நீங்கியது. அதற்கு ஒகொதேயின் மறைவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

1258இல் குலாகு பாக்தாதைக் கைப்பற்றி, அப்பாசியக் கலீபாவின் ஆட்சியை அங்கு முடிவுக்குக் கொண்டுவந்தார். 1259இல் பேரரசர் மோங்கே மறைந்ததும் அவருடைய தம்பியராகிய குபிலாயும் அரிக்போகேயும் அரசுரிமைக்காகப் போரிட்டனர். 1260இல் ஐன்சாலூத் என்னும் இடத்தில் எகிப்தின் மம்லூக்குகளிடம் மங்கோலியப் படை தோற்றது. 1262இல் உருசியப் புல்வெளியை ஆண்ட பெர்கேயும் பாரசீகத்தை ஆண்ட குலாகுவும் தம்முள் மோதினர். பேரரசு, சீனத்து யுவான் அரசு, பாரசீகத்து இல்கான் அரசு, நடு ஆசியாவின் சகதாய் அரசு, உருசியப் புல்வெளியின் 'தங்கக் கூட்டம்' என நான்காகப் பிரிந்தது.

பிரிந்த அரசுகள் தத்தம் குடிகளின் பண்பாட்டில் வேரூன்றின. குபிலாய்கான் 1271இல் யுவான் மரபை அறிவித்தார். 1279இல் தென்சீனம் முழுவதும் அவருக்கு உட்பட்டது. அவருடைய ஆட்சியில் செழித்த துறைமுகமான சுவான்சோவில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. கானின் நலத்திற்காகச் சிவபெருமான் திருமேனி அங்கு எழுந்தருளுவிக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. தமிழ் வணிகர் அத்துறைமுகத்தில் வாழ்ந்ததையும் அக்கல்வெட்டு உணர்த்துகிறது.

பாரசீகத்தில் 1295இல் இல்கானான கசன்கான் இசுலாத்தைத் தழுவினார். அமைச்சர் ரஷீதுத்தீனின் துணையோடு வரியின் அளவையும் அதைச் செலுத்தும் காலத்தையும் வரையறுத்தார். உழவரின் எருதையும் விதையையும் பறித்தால் நாளை உணவுக்கு வழியில்லை எனத் தம் படைத்தலைவர்களை எச்சரித்தார். ஏலூ சுத்சாய் எழுப்பிய குரலை இரண்டு தலைமுறைகளுக்குப் பின் மங்கோலிய அரசரே எழுப்பினார்.

வீழ்ச்சி

அரசுரிமைப் பூசல் ஓயவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் பரவிய கொள்ளைநோய் மக்கள்தொகையையும் நெடுந்தொலை வணிகத்தையும் சிதைத்தது. வணிகம் வளர்ந்த பாதைகளே நோய் பரவவும் வழியாயின. இல்கான் அபூசயீது 1335இல் வாரிசின்றி இறந்தபின் அவ்வரசு சிதறியது. சீனத்தில் அளவின்றி அச்சிடப்பட்ட காகிதப் பணம் மதிப்பிழந்தது. 1344இல் மஞ்சளாறு கரையுடைத்தது. 1351இல் கரை சீரமைப்புக்காகத் திரட்டப்பட்ட மக்களிடையே கிளர்ச்சி வெடித்தது. உழவர் குடியில் பிறந்த சூ யுவான்சாங் 1368இல் மிங் மரபை நிறுவினார். மங்கோலிய அரசர் வடக்கே புல்வெளிக்குத் திரும்பினார். உருசியாவில் 1480ஆம் ஆண்டளவில் தங்கக் கூட்டத்தின் மேலாதிக்கம் முடிவுற்றது.

புல்வெளிக்குத் தேவையான விரைவும் பகிர்வும் தலைவர்பால் பற்றும் வெற்றியைத் தந்தன. விளைநிலத்தை ஆளவோ ஏடும் வரியும் நிலைத்த அலுவலரும் வேண்டியிருந்தன. அவற்றை ஏற்றவர்கள் சீனராகவும் பாரசீகராகவும் துருக்கியராகவும் மாறத் தொடங்கினர். ஒரே குடும்பத்தார் என்ற உணர்வு அம்மாற்றத்தில் தேய்ந்தது. ஆயினும் செங்கிஸ்கானின் பெயர் மறையவில்லை. தாய்வழியில் அவருடைய மரபைச் சேர்ந்த பாபர் 1526இல் இந்தியாவில் நிறுவிய அரசு, மங்கோலியர் என்னும் சொல்லின் திரிபாகிய 'முகலாயர்' என்ற பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. வெல்வதற்கு வில் போதுமானதாக இருக்கலாம். ஆள்வதற்கு உழவரின் ஏரைக் காக்கவேண்டும் என்பதே இப்பேரரசின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.