உப்பளமும் உதிரமும்

மரக்காணத்து உப்பளங்களில் சித்திரை வெயிலில் உப்பு வாரும் நம் மக்களின் உடலில் ஓடும் உதிரமும் உப்புநீரே. ஆயினும் கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. உதிரத்திலோ ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு பிறழாதவரையில்தான் சிவப்பணுக்கள் வாழும். வெறும் நீரிலிட்டால் அவை உப்பி வெடிக்கும். பாத்தி நீரிலிட்டால் சுருங்கிப்போகும்.

வளர்ந்த மனிதரிடம் உள்ள இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர்தான். வெயில் ஏறினால் தோலடிக் குழாய்கள் விரிந்து, உடற்சூட்டை வெளியேற்ற இரத்தத்தைத் தம்பால் ஈர்க்கின்றன. வியர்வையாய்க் கசிவதும் இரத்தத்தின் நீரே. அதைக் குடித்து ஈடுசெய்யாவிடில் இரத்தம் கெட்டிப்படும். அப்போது உடலானது இதயத்தையும் மூளையையும் காக்கும்பொருட்டுச் சிறுநீரகக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. நாள்தோறும் இப்படி நேர்ந்தால் சிறுநீரகம் என்னாகும்? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சோதித்தனர். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல் குன்றியிருந்தது.

தவக்காலத்தில் தண்ணீரையும் தவிர்ப்போர் நம்மிடையே உண்டு. இப்பக்தியை மெச்ச நமக்கு மனம் வரவில்லை. நற்கருணை உபவாசத்தையே தண்ணீர் முறிக்காதென்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1953-இல் அறிவித்துவிட்டாரே!

பெண்கள் குடியாமைக்குக் காரணம் வேறு. வெட்டவெளியில் ஒதுங்க மறைவிடம் இல்லை. குடிநீர்ப் பானையோடு நான்கு தட்டிகளும் வைத்துத் தாருங்கள் என்று உப்பளக்காரர்களிடம் நாம் கேட்டு வருகிறோம்.