காவல் துறையும் கணிப்பொறி மூளையும்

குற்றவாளியைக் கண்டுபிடிக்க அறிவியலின் துணையை நாடுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. கைரேகைகளைத் தொகுத்து வைக்கும் நிலையம் 1897-லேயே கல்கத்தாவில் ஏற்பட்டுவிட்டது. அதன் வகைப்பாட்டு முறைக்கு ஹென்றி என்னும் ஆங்கில அதிகாரியின் பெயர் நிலைத்தது. கணக்குப் போட்டு உழைத்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ரேகை இருந்த இடத்திற்கு இன்று முகம் வந்துள்ளது. கொல்கத்தாவிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய முக அடையாள மென்பொருளைத் தமிழகக் காவல் துறை 2021-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐயத்திற்குரிய ஒருவரைக் காவலர் கைப்பேசியில் படம் பிடித்தால், காவல் நிலையப் பதிவேடுகளில் உள்ள படங்களோடு கணிப்பொறி அதனை ஒப்பிட்டுச் சொல்லும். 2024 மே மாதத்தில் இந்தத் தளத்திற்குள்ளேயே யாரோ புகுந்து தகவல்களைக் கவர்ந்து சென்றதாகச் செய்தி வந்தது. திருடனைப் பிடிக்க வைத்த பொறிக்குள் திருடனே புகுந்த கதை!

இது எவ்வாறு இயங்குகிறது? தையற்காரர் நம் உடலை அளந்து சீட்டில் எண்களாகக் குறித்துக் கொள்கிறார் அல்லவா? அதுபோலக் கணிப்பொறி ஒரு முகத்தை நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றிக் கொள்கிறது. இரு முகங்களின் எண் வரிசைகள் எவ்வளவு நெருங்கி உள்ளன என்று பார்க்கிறது. ‘இவர்தாம் அவர்’ என்று அது ஒருபோதும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. ‘இத்தனை விழுக்காடு ஒற்றுமை’ என்றே சொல்கிறது. எத்தனை விழுக்காடு போதும் என்று முடிவு கட்டுபவர் மனிதர். எண்பது விழுக்காடு ஒத்தாலே பொருத்தம் எனக் கொள்வதாகத் தில்லிக் காவல் துறை 2022-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிலளித்தது. ஒரே அளவுச் சட்டை இருவருக்குப் பொருந்தும் என்பதைத் தையற்காரர் அறிவார்.

நான் கணிதம் பயிலும் மாணவன். ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சிதம்பரம் தேர்த் திருவிழாவன்று நான்கு வீதிகளிலும் கண்காணிப்புக் கேமராக்கள் ஒரு இலட்சம் முகங்களைப் பார்ப்பதாகக் கொள்வோம். கூட்டத்தில் சங்கிலி பறிப்பவர் பத்துப் பேர். பொறி அந்தப் பத்துப் பேரையும் தவறாமல் காட்டிவிடுகிறது. மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரை மட்டுமே தவறாகச் சுட்டுகிறது. கேட்பதற்கு மிகச் சிறந்த பொறிதான். ஆனால் அது சுட்டிய 110 பேரில் ஏறக்குறைய நூறு பேர் சாமி கும்பிட வந்தவர்கள்! அமெரிக்காவின் டெட்ராயிட் நகருக்கு அருகே 2020 ஜனவரியில் இத்தகைய தவறான பொருத்தத்தால் ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே, மனைவி மக்கள் கண்ணெதிரே கைது செய்யப்பட்டார்.

கணக்கை விடக் கவலை தருவது பதிவேடு. பொறி கற்பது பழைய ஏடுகளிலிருந்துதான். நாம் விளையாட்டாகச் சொல்லும் ‘கேடி’ என்னும் சொல்லே, ‘நோன் டிப்ரடேட்டர்’ என்னும் ஆங்கிலேயர் காலக் காவல் பட்டியலின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததுதான். 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கிற்று. சென்னை மாகாணத்திற்கு 1911-இல் அது விரிவாக்கப்பட்டது. நம் தென்னார்க்காட்டிலும் அஜீஸ் நகரில் அத்தகையோரை அடைத்து வைத்த குடியிருப்பு இருந்தது. சட்டம் 1952-இல் ஒழிந்தது, பழக்கம் ஒழிந்ததா?

1993 மார்ச்சில் விருத்தாசலம் வட்டம் முதனை கிராமத்து இராசாக்கண்ணு, நகைத் திருட்டுக்காகக் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்த உழைப்பாளி. (2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தில் இருளராகக் காட்டியிருப்பார்கள்.) அங்கே அடித்துக் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்றது காவல் நிலையம். அவருடைய மனைவி தளரவில்லை. பின்னாளில் நீதிபதியான சந்துரு அவர்கள் வழக்கறிஞராக நின்று ஆட்கொணர்வு மனு தொடுத்தார். 2006-இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பில் காவலர்கள் தண்டனை பெற்றனர். அன்றைய நிலையத்து ஏட்டின்படி இராசாக்கண்ணு யார்? தப்பியோடிய திருடர். அத்தகைய ஏட்டைப் படித்துத் தேறும் பொறி நமக்கு என்ன சொல்லும்?

நெடுநாள் வாழும் ஏடுகள் இவை. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவரின் ரேகை, கருவிழி முதலிய அளவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடமளிக்கிறது. பின்தங்கிய சமூகத்தார் என்பதற்காகவே பெயர்களைக் குற்ற வரலாற்றேட்டில் இயந்திரகதியில் ஏற்றலாகாது என்று 2024-இல் உச்சநீதிமன்றம் எச்சரித்தது. ‘இயந்திரகதி’ என்ற சொல் இன்று எவ்வளவு பொருத்தமாகிவிட்டது, பாருங்கள்.

ஆயினும் நண்பர்களே, பொறியே வேண்டா என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. காணாமற்போனவர் படங்களை அடையாளம் தெரியாத பிணங்களின் படங்களோடு ஒப்பிடவும் இதே மென்பொருள் பயன்படும். இராசாக்கண்ணுவின் உடல் அண்டை மாவட்டத்து மீன்சுருட்டிப் பகுதியில் கிடைத்தது. ‘பெயர் தெரியாதவர்’ என்றே பதிவாயிற்று. ஒரு நிலையத்து ஏட்டில் தேடப்படுபவர், இன்னொரு நிலையத்து ஏட்டில் அனாதைப் பிணம்! இவ்விரு ஏடுகளையும் சில நொடிகளில் ஒன்றாக்கியிருக்க வல்லது இப்பொறி. படத்தை அதில் இட ஒருவர் முன்வந்திருக்க வேண்டும், அவ்வளவே.

எனவே யார், எப்போது, யாருடைய படத்தைத் தேடினார் என்பதைப் பொறியே அழிக்கவியலாதபடி குறித்து வைக்க வேண்டும். பொறி காட்டியதால்தான் பிடிபட்டார் என்பதைக் கைதானவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் தெரிவிக்க வேண்டும். முக அடையாளத்திற்கென்று தனிச்சட்டம் எதுவும் நம் நாட்டில் இன்னும் இயற்றப்படவில்லை.