ஆயுசுக்கும் ஒரு மாத்திரை

தஞ்சாவூர்ப் பக்கம் தைராய்டு குறைவுக்கு மாத்திரை தொடங்குகிறவர்களுக்கு முதல் மனக்குறை, விடிந்ததும் டிகிரி காபி கிடையாது என்பது. அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் காபி தடுக்கிறது. 2008-ல் இத்தாலிய மருத்துவர்கள் எஸ்பிரெசோவை வைத்தே இதைக் காட்டினார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். பெரிய குறை வேறு: ‘ஆரம்பித்தால் விட முடியாது, அடிமையாகிவிடுவோம்.’ இதை நான் ஏற்கவில்லை.

தைராய்டு சுரக்கும் தைராக்சினில் நாலு அயோடின் அணுக்கள் உண்டு; உடல் அதில் ஒன்றைக் கழற்றி, வீரியம் கூடிய ஹார்மோனாக்கிக்கொள்கிறது. மாத்திரையில் இருப்பதும் அச்சு அசல் அதே தைராக்சின் மூலக்கூறுதான். ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால், தண்ணீர் எட்டாத கடைமடைக்காரர்கள் குரலை உயர்த்துவதுபோல, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாத்திரை அளவாகச் சேர்ந்ததும் அது இறங்கிவிடும். மாத்திரையை நிறுத்தினால் பழைய குறைவு திரும்புமே ஒழிய, மருந்து புதிதாக உண்டாக்கிய ஏக்கம் எதுவும் இல்லை. ‘நாலு நாள் விட்டேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும்; உடல் மெதுவாகத்தான் கணக்குக் கேட்கும். அளவை மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துப் பரிசோதிப்பதும் அதனால்தான்.

வேதாரண்யத்து உப்பானாலும் அயோடின் சேர்த்ததைத்தானே சாப்பிடுகிறோம், பிறகு ஏன் இந்த நோய்? அயோடின் போதுமான ஊர்களில் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது. சுரப்பி பழுதான பிறகு உப்பு உதவாது. செயற்கை மருந்து வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய கதை ஒன்று. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைத் தேற்றினார். பிற்பாடு சாற்றை வாய்வழியே தொடர்ந்து உட்கொண்டு அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் விலங்குச் சுரப்பியில் ஹார்மோன் எவ்வளவு என்பது மாறிக்கொண்டே இருந்தது. 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் தைராக்சினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள்; இன்று 25, 50 மைக்ரோகிராம் என்று நிறுத்துக் கொடுக்க முடிகிறது.

எல்லோருக்கும் ஆயுசுக்கும் வேண்டியதில்லை என்பதும் உண்மை. பிரசவத்துக்குப் பின் வரும் குறைவு சிலருக்குத் தானே சரியாகிவிடும். லேசாக ஏறிய டிஎஸ்எச்சுக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, மறுபரிசோதனை வரை காத்திருக்கலாம். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். உடம்பு இளைப்பதற்காக இதை வாங்கி விழுங்குவது ஆபத்து.