கர்ப்பிணிக்கு இடுப்பு வலியா? பெல்ட் கட்டும் முறை இதுதான்!

செஞ்சிக்கு அருகே உள்ளது அவலூர்பேட்டை. நெல்லும் மல்லாட்டையும் விளையும் பகுதி. நாற்று நட, களை எடுக்க, பெண்கள் குனிந்தே நிற்க வேண்டும். கர்ப்பிணிக்கோ குனியாமலே இடுப்பு ஒடிந்து போகும்!

காரணம் என்ன?

பிரசவத்துக்கு ஏற்றபடி இடுப்பு மூட்டுகள் தளர்கின்றன. வயிற்றின் பாரம் முன்னே இழுக்கிறது. முதுகு வளைகிறது. அதனால் வலி.

வயிறு தாங்கும் பெல்ட் சிலருக்கு இந்த வலியைக் குறைக்கும். டாக்டரையோ, கிராம சுகாதார செவிலியரையோ கேட்ட பிறகே அணிய வேண்டும்.

எப்படிக் கட்டுவது?

பெல்ட் வயிற்றுக்கு அடியில், இடுப்பைச் சுற்றி இருக்க வேண்டும். வயிற்றின் நடுவே இறுக்கக் கூடாது. உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் சிறிது நேரம் அணிந்தால் போதும். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். மூச்சு முட்டினாலோ, கால் மரத்தாலோ உடனே கழற்ற வேண்டும்.

பிள்ளை பெற்றபின் வயிற்றில் சேலையைச் சுற்றிக் கட்டுவது பாட்டிமார் வழக்கம். கர்ப்ப காலத்தில் அப்படிக் கட்டக் கூடாது.

தாய்மார்கள் கவனிக்க!

விட்டு விட்டு வலிக்கிறதா? உதிரம் படுகிறதா? நீர் கசிகிறதா? குழந்தையின் அசைவு குறைந்ததா? பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பொறுத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குனியும் வேலையையும், குடம் தூக்கும் வேலையையும் வீட்டார் வாங்கிக்கொள்ளட்டும். எந்தப் பெல்ட்டையும்விட அது நல்ல துணை!